ஓரகடம் ஷெட்: "ஐ.எஸ். 800 படி" என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் போதுமா? எந்த நிலையில் எதைப் பார்ப்பது?

ஓரகடம்_சைட்:
வணக்கம். ஓரகடம் பக்கம் ஒரு தொழிற்கூட ஷெட் வேலை, உரிமையாளர் தரப்பில் மேற்பார்வை. அகலம் 24 மீ, நீளம் 60 மீ, 6 மீ இடைவெளியில் 11 ஃபிரேம், ஈவ் (கூரை ஓர) உயரம் 8 மீ. உள்ளே 5 டன் ஈ.ஓ.டி. (தலைக்கு மேல் ரெயிலில் ஓடும் மின்) கிரேன் ஒன்று. தூணும் ராஃப்டரும் (கூரையின் சாய்வு விட்டம்) பிளேட் வெட்டி வெல்ட் பண்ணிய ஐ செக்‌ஷன். வரைபடத்தில் பிளேட் ஐ.எஸ். 2062 ஈ350 பி.ஆர். (எஃகின் தரம்), இணைப்பு போல்ட் எம்20 8.8 (20 மி.மீ. விட்டம், 8.8 வலிமைத் தரம்), ஆங்கர் போல்ட் எம்24.

ஃபேப்ரிகேஷன் பாதிக்கு மேல் முடிந்தது, மூன்று ஃபிரேம் சைட்டுக்கு வந்துவிட்டது. ஆவணம் கேட்டால் "டிசைனும் ஃபேப்ரிகேஷனும் ஐ.எஸ். 800:2007 படி" (எஃகுக் கட்டமைப்புக்கான இந்தியத் தரநிலை) என்று லெட்டர்ஹெட்டில் ஒரு வரி, அதோடு நான்கைந்து மில் சர்டிபிகேட் (எஃகு ஆலை தரும் சோதனைச் சான்று) நகல். எரெக்‌ஷன் தொடங்குவதற்குள் எதை எதைச் சரிபார்க்கலாம், எந்தக் கட்டத்தில் வேலையை நிறுத்தச் சொல்லலாம்? முக்கியமாக பிளேட், வெல்டிங், போல்ட் மூன்றும்.

வெல்ட்_கேஜ்:
அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஐ.எஸ். 800 தன் 17-ஆம் பிரிவில் ஃபேப்ரிகேஷன், எரெக்‌ஷன் பற்றிப் பேசினாலும், அளவுப் பிழைக்கு ஐ.எஸ். 7215-க்கும் (ஷாப்பில்) ஐ.எஸ். 12843-க்கும் (சைட்டில்) அனுப்பிவிடும். பிளேட்டுக்கு ஐ.எஸ். 2062, எலெக்ட்ரோடுக்கு ஐ.எஸ். 814, வெல்டிங் முறைக்கு ஐ.எஸ். 9595, வெல்டர் தேர்வுக்கு ஐ.எஸ். 7310, உயர்வலிமை போல்ட்டுக்கு ஐ.எஸ். 3757, அதை முடுக்கும் முறைக்கு ஐ.எஸ். 4000. இதில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காகிதம் இருக்க வேண்டும்.

முதலில் பிளேட். சர்டிபிகேட் நகலில் ஹீட் நம்பரை (ஒரே உருக்கில் வந்த எஃகின் அடையாள எண்) பாருங்கள். பிறகு ஷாப்புக்குப் போய் வெட்டாத பிளேட் ஓரத்தில் அடித்திருக்கும் ஹீட் நம்பரோடு ஒப்பிடுங்கள். நல்ல ஷாப் என்றால் வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் அந்த எண்ணை பெயின்ட் மார்க்கராலோ பஞ்சாலோ மாற்றி எழுதியிருப்பார்கள். எழுதாத இடத்தில் அந்தச் சர்டிபிகேட் எந்த ஃபிரேமுக்குச் சொந்தம் என்று யாராலும் சொல்ல முடியாது. டிரேடரிடம் வாங்கும்போது 20 டன்னுக்கான ஒரே சர்டிபிகேட்டை நான்கு பேருக்கு நகலெடுத்துக் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. இன்வாய்ஸ் எடையையும் சர்டிபிகேட் எடையையும் கூட்டிப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

ஈ350-க்கு, 20 மி.மீ.க்குக் குறைந்த தடிமனில் ஈல்டு (எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு) குறைந்தது 350, இழுவிசை வலிமை 490 மெகாபாஸ்கல், நீட்சி 22 சதவீதம். ஈ250-க்கு 250, 410, 23. சந்தேகம் வந்தால் மீதித் துண்டிலிருந்து ஒரு கூப்பன் (சோதனைத் துண்டு) வெட்டி என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள லேபில் இழுவிசை, வளைவு, ரசாயனம் மூன்றும் பாருங்கள். ஷெட் முழுவதன் செலவில் அது ஒன்றுமே இல்லை. லேப் ரிப்போர்ட்டில் ஈல்டு 270, 280 என்று வந்தால் ஈ350 என்று சொல்லி ஈ250 போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் பேச வேண்டியது டிசைனரிடம்.

பிரேசிங் (ஃபிரேம்களைச் சாயாமல் பிடிக்கும் குறுக்குச் சட்டம்) ஆங்கிள்களைத் தராசில் வையுங்கள். 50×50×6 ஆங்கிள் மீட்டருக்கு 4.5 கிலோ, 6 மீட்டர் துண்டு 27 கிலோ. அதுவே 5 மி.மீ. என்றால் மீட்டருக்கு 3.8, துண்டு 23 கிலோவுக்குள் நின்றுவிடும். ரீ-ரோல்டு (பழைய எஃகை மறுபடி உருட்டிய) சரக்கில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. முனையில் வெர்னியர் வைத்தால்கூட, வெட்டிய பிசிறு ஏமாற்றும்.

ஷாப்_இன்ஸ்பெக்டர்:
வெல்டிங் பற்றி நான் சொல்கிறேன். ஷாப்பில் முதலில் எலெக்ட்ரோடு பாக்கெட்டைப் பாருங்கள், வெல்டைப் பிறகு பார்க்கலாம். ஐ.எஸ். 800-ல் ஃபில்லெட் வெல்டின் (இரு பிளேட் சேரும் மூலையில் முக்கோணமாகப் போடுவது) வலிமையை வெல்ட் உலோகம், தாய் உலோகம் இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். பிளேட் ஈ350, அதாவது 490. எலெக்ட்ரோடு ஈ6013 வகை என்றால் 410-க்குத்தான் கணக்கு. டிசைனர் 490 எடுத்திருந்தால் ஒரே அடியில் 16 சதவீதம் போச்சு. ஈ7018 போன்ற லோ-ஹைட்ரஜன் எலெக்ட்ரோடு, அல்லது சிஓ2 வெல்டிங் என்றால் ஈஆர்70எஸ்-6 வயர்தான் இந்த பிளேட்டுக்குப் பொருந்தும்.

லோ-ஹைட்ரஜன் என்று பாக்கெட்டில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. பாக்கெட்டைப் பிரித்து, நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு நாள் கிடந்தாலே பூச்சு ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்த ஈரம் ஹைட்ரஜனாகி, வெல்ட் ஆறி பல மணி நேரம் கழித்துக்கூட ஓரத்தில் விரிசல் விடும். தயாரிப்பாளர் சொல்லும் வெப்பநிலையில், பெரும்பாலும் 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம், சுட்டு எடுத்து ஹோல்டிங் ஓவனில் வைத்துத்தான் வெல்டருக்குக் கொடுக்க வேண்டும். ஷாப்பில் ஓவன் இருக்கிறதா, அது சூடாக இருக்கிறதா என்று கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும். துணி காயப்போடும் இடமாக அது மாறியிருந்தால் அங்கே போட்ட வெல்டை நம்பாதீர்கள்.

ஃபில்லெட் அளவு. தடித்த பிளேட் 10 மி.மீ. வரை என்றால் குறைந்தது 3 மி.மீ., 10-க்கு மேல் 20 வரை 5, 20-க்கு மேல் 32 வரை 6 (அட்டவணை 21). இது குறைந்தபட்சம் மட்டுமே, வரைபடம் கேட்பது அதற்கு மேல் இருக்கும். 6 மி.மீ. ஃபில்லெட் என்றால் த்ரோட் (மூலையிலிருந்து வெல்ட் முகம் வரை குறுகிய தூரம்) 4.2 மி.மீ. வெல்ட் குழிந்திருந்தால் கால் நீளம் 6 காட்டும், த்ரோட் 3.5 கூட வராது. அதனால் கேஜின் கால் அளக்கும் பக்கத்தோடு நிறுத்தாமல் த்ரோட் அளக்கும் பக்கத்தையும் வையுங்கள். இன்னொன்று: வெப்புக்கும் (ஐ-யின் நடுத் தகடு) ஃப்ளேஞ்சுக்கும் (இரு ஓரத் தகடுகள்) நடுவே இடைவெளி விட்டு வெல்ட் பண்ணியிருந்தால், வெளியே 6 தெரிந்தாலும் உள்ளே அந்த அளவு குறைந்திருக்கும். 1.5 மி.மீ.க்கு மேல் இடைவெளி என்றால் அந்த அளவைக் கூட்டித்தான் வெல்ட் போட வேண்டும்.

இந்த வகை ஃபிரேமில் வெப்-ஃப்ளேஞ்ச் வெல்டை ஒரு பக்கம் மட்டும் ஓட்டுவது வழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் ராஃப்டர் எண்ட் பிளேட்டுக்கு (முனையில் போல்ட் பண்ணும் தகடு) பக்கத்திலும், தூண் தலையில் உள்ள "நீ" பேனலிலும் (தூணும் ராஃப்டரும் சேரும் முழங்கால் பகுதி), கிரேன் பிராக்கெட் உள்ள இடத்திலும் வரைபடம் இரு பக்கம் கேட்கிறதா என்று பாருங்கள். மெஷின் ஒரு பக்கம் ஓடிவிட்டுப் போய்விடும், மறுபக்கத்தைக் கையால் போட மறப்பார்கள். ஃப்ளேஞ்ச் நீளம் போதாமல் இரண்டு பிளேட்டைச் சேர்த்திருந்தால் அந்த பட் வெல்ட் எல்லாவற்றையும் அல்ட்ராசோனிக்கில் பாருங்கள். ஃபில்லெட்டில் முதலில் முழுக்க கண்ணால், பிறகு தேர்ந்த இடங்களில் டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயச் சோதனை). அண்டர்கட் (வெல்ட் ஓரத்தில் பிளேட்டில் விழும் பள்ளம்) 1 மி.மீ.க்கு மேல் விடாதீர்கள். கிரேன் பிராக்கெட்டின் மேல் வெல்டில் அதுவும் கூடாது, விரிசல் பிறக்கும் இடம் அது.

இது எல்லாம் பெயின்ட் அடிப்பதற்கு முன். பிரைமர் ஏறிய பிறகு டை பெனட்ரன்டுக்கு அர்த்தமே இல்லை. மீதி ஃபிரேம்களுக்கு "எங்கள் கையெழுத்து இல்லாமல் பிரைமர் கிடையாது" என்று இன்றே எழுதிக் கொடுங்கள்.

நட்டு_போல்ட்டு:
போல்ட் தலையில் 8.8 என்ற எண்ணோடு தயாரிப்பாளர் குறியும் இருக்க வேண்டும். நட்டிலும் 8 இருக்க வேண்டும். சாதா நட்டை 8.8 போல்ட்டில் போட்டால் முடுக்கும்போதே மரை உருவிக்கொள்ளும். மரை வெட்டுத்தளத்தில் வருகிற எம்20-க்கு ஒரு தளத்தில் டிசைன் வலிமை 4.6 என்றால் 45 கிலோநியூட்டன், 8.8 என்றால் 90. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும்.

ஓட்டை 22 மி.மீ. ஓரத்திலிருந்து ஓட்டை மையம் வரை, மெஷினில் வெட்டிய ஓரம் என்றால் 1.5 மடங்கு, அதாவது 33. கையால் கேஸ் கட்டிங் செய்த ஓரமோ ஷியர் ஓரமோ என்றால் 1.7 மடங்கு, 37.4, நடைமுறையில் 38. போல்ட்டுக்குப் போல்ட் குறைந்தது 50. ஓட்டை பொருந்தவில்லை என்று சைட்டில் கேஸ் கட்டர் எடுத்தால் உடனே தடுத்துவிடுங்கள். ரீமர் அல்லது மேக்னெடிக் டிரில் மட்டும்.

எல்லா 8.8 போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் 550 நியூட்டன்-மீட்டருக்கு முடுக்கச் சொல்லுங்கள்.

வரைபடம்_டெஸ்க்:
மேலே நண்பர் சொன்னதில் கடைசி வரியை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள். எம்20 8.8-க்கு முன் இழுவை (முடுக்கும்போதே போல்ட்டில் ஏற்றும் இழுவிசை) 0.7 × 800 (வலிமை) × 245 (மரைப் பரப்பு, சதுர மி.மீ.), அதாவது 137 கிலோநியூட்டன். டார்க் கெழுவை 0.2 என்று வைத்தால் 549 வருகிறது, அந்தக் கணக்கு சரி. ஆனால் அந்த 0.2 நிலையான எண் இல்லை. மரையில் எண்ணெய் இருந்தால் குறையும், துரு இருந்தால் கூடும். அதே 550-ல் ஒரு போல்ட் 100-ல் நிற்கும், இன்னொன்று ஈல்டைத் தொடும். அதனால்தான் ஐ.எஸ். 4000 காட்டும் பார்ட்-டர்ன் முறை நம்பகமானது: முதலில் பிளேட்டுகள் முழுக்க ஒட்டும்வரை சாதா ஸ்பானரில் முடுக்குங்கள். நட்டு, போல்ட் நுனி, பிளேட் மூன்றுக்கும் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். பிறகு போல்ட் நீளம் விட்டத்தில் 4 மடங்கு வரை என்றால் மூன்றில் ஒரு சுற்று, 4-க்கு மேல் 8 மடங்கு வரை அரைச் சுற்று. எம்20×70 என்றால் மூன்றில் ஒரு சுற்று. கோடு எவ்வளவு நகர்ந்தது என்று பிறகு வந்து பார்க்கும் யாருக்கும் தெரியும்.

எல்லா போல்ட்டுக்கும் இது தேவையும் இல்லை. பர்லின் (கூரை ஷீட்டைத் தாங்கும் சட்டம்) கிளீட், கர்ட் (சுவர் ஷீட்டைத் தாங்கும் சட்டம்) போன்ற பேரிங் வகை (போல்ட் ஓட்டைச் சுவரில் அழுந்தித் தாங்கும்) இணைப்புக்கு ஸ்பானரில் இறுக்கமாக இருந்தால் போதும். ராஃப்டர் எண்ட் பிளேட், கிரேன் பிராக்கெட், சுமை திசை மாறி மாறி வரும் பிரேசிங், இந்த இடங்களில்தான் முன் இழுவை வேண்டும். வரைபடத்தின் பொதுக்குறிப்பில் எந்த இணைப்பு எந்த வகை என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் டிசைனரிடம் எழுத்தில் கேளுங்கள்.

முன் இழுவை கொடுத்துக் கழற்றிய போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. அலைன்மென்ட்டுக்குத் தற்காலிகமாகப் போட சாதா போல்ட் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நட்டு_போல்ட்டு:
சரியான திருத்தம். டார்க் ரெஞ்ச்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு லாட்டுக்கும் தினமும் காலிபரேட் செய்ய வேண்டியிருக்கும், சைட்டில் அது நடக்காது. பார்ட்-டர்ன் முறையையே எடுங்கள்.

ஓரகடம்_சைட்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று ஷாப்புக்கும் சைட்டுக்கும் போய்ப் பார்த்தேன். ஓவன் இருக்கிறது, ஓடுகிறது. ஆனால் ஸ்டிஃப்னர் (வலுக்கூட்டும் குறுக்குத் தகடு) வெல்டுக்கு மட்டும் ஈ6013 பயன்படுத்துகிறார்கள். கிரேன் பிராக்கெட் தூணோடு 8 போல்ட்டில் சேர்கிறது, வரைபடத்தில் "ஸ்லிப் கிரிட்டிகல்" (நழுவாமல் உராய்வாலேயே தாங்க வேண்டியது) என்று இருக்கிறது. ஆனால் சேரும் இரண்டு முகத்திலும் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டார்கள். மூன்றாவது, ஒரு பேஸ் பிளேட்டில் (தூணின் அடித் தகடு) இரண்டு ஆங்கர் போல்ட் 12 மி.மீ. தள்ளி நிற்கிறது. காண்ட்ராக்டர் சூடுபண்ணி வளைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

வரைபடம்_டெஸ்க்:
பிராக்கெட் விஷயம் இந்த மூன்றிலும் பெரியது. உராய்வுக் கெழு ஐ.எஸ். 800 அட்டவணை 20-ல் இருக்கிறது. கிரிட் பிளாஸ்ட் செய்த வெறும் முகத்துக்கு 0.5, ஒன்றும் செய்யாத முகத்துக்கு 0.2, ரெட் லெட் (ஈய ஆக்சைடு பெயின்ட்) பூசிய முகத்துக்கு 0.1. ரெட் ஆக்சைடுக்கு அங்கே தனி வரி கிடையாது. சோதனை செய்து காட்டாதவரை 0.1-க்கு மேல் யாரும் எடுக்க முடியாது. 0.5 என்றால் ஒரு போல்ட் 137 × 0.5 ÷ 1.25 = 55 கிலோநியூட்டன், எட்டு போல்ட்டுக்கு 440. 0.1 என்றால் ஒன்றுக்கு 11, எட்டுக்கு 88. எண்ணிக்கையும் அதே, முடுக்குவதும் அதே, ஒரு பிரஷ் பெயின்ட் ஐந்தில் ஒரு பங்காக்கிவிட்டது.

நழுவினால் உடனே பிராக்கெட் விழாது, போல்ட் ஓட்டைச் சுவரில் போய் நிற்கும். ஆனால் ஓட்டையில் 2 மி.மீ. தளர்வு இருக்கிறது. ஒவ்வொரு தூணிலும் ஒவ்வொரு அளவு நழுவினால் ரெயில் லெவல் கெட்டு, கிரேன் சக்கரம் ஃப்ளேஞ்சைத் தேய்க்கத் தொடங்கும். மின் கிரேன் கிர்டருக்கு அனுமதிக்கும் தொய்வே நீளம்/750, 6 மீட்டருக்கு 8 மி.மீ.தான். இரண்டு ரெயிலுக்கும் இடையில் நகர்வு 10 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதில் 2 மி.மீ. என்பது சின்ன எண் இல்லை.

சரிசெய்ய: அந்த முகங்களை மட்டும் கிரிட் பிளாஸ்ட் செய்து பெயின்டை முழுக்க எடுக்க வேண்டும். பவர் வயர் பிரஷ் போட்டால் பெயின்ட் போகும், ஆனால் முகம் பளபளவென்று வழுவழுப்பாகி, 0.5 கிடைக்காது. பிளாஸ்ட் செய்தபின் தூசி, எண்ணெய் படாமல் போல்ட் பண்ணிவிட்டு வெளி ஓரத்தை மட்டும் பெயின்டால் அடையுங்கள். "வெல்ட் போட்டு ஒட்டிவிடலாம்" என்பார்கள். சைட் வெல்டுக்கு பாதுகாப்புக் காரணி 1.25 இல்லை, 1.5. வெல்ட் வலிமை 410 என்று வைத்தால் 6 மி.மீ. ஃபில்லெட் 100 மி.மீ. நீளத்துக்கு ஷாப்பில் 79 கிலோநியூட்டன், சைட்டில் 66. அதுவும் தூண் நின்றபிறகு உயரத்தில், காற்றில். டிசைனர் கணக்குப் போட்டு வரைபடம் மாற்றிக் கொடுத்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஸ்டிஃப்னரில் ஈ6013: சுமை அதிகம் வராத இடைநிலை ஸ்டிஃப்னர் என்றால் டிசைனர் 410 வைத்து மறுகணக்கு செய்து ஏற்கலாம். பிராக்கெட்டுக்கு நேர் எதிரே உள்ளதும், நீ பேனலில் உள்ளதும் சுமை கடத்துபவை. அவற்றின் வெல்டை கௌஜ் செய்து (சுரண்டி) எடுத்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி, நீங்கள் கேட்காதது. டிசைன் அடிப்படை அறிக்கையின் முதல் பக்கத்தில் காற்றுக் கணக்கைப் பாருங்கள். ஐ.எஸ். 875 பகுதி 3-ன் 2015 பதிப்பில் கே4 என்று காற்று வேகத்தைப் பெருக்கும் ஒரு காரணி புதிதாக வந்தது. கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கி.மீ.க்குள் தொழிற்கூடம் என்றால் அது 1.15. ஓரகடம் அந்த 60-க்குள் வருகிறது. சென்னைக்கான அடிப்படை வேகம் 50 மீ/வி. 10 மீட்டர் உயரம் வரை, திறந்த வெளியில், மற்ற காரணிகள் 1 என்றால் பழைய கணக்கில் 0.6 × 50 × 50 = 1500 நியூட்டன் சதுர மீட்டருக்கு. கே4 சேர்த்தால் வேகம் 57.5, அழுத்தம் 1984. வேகம் 15 சதவீதம்தான் கூடியது, அழுத்தம் 32 சதவீதம். 1987 பதிப்பை வைத்துப் போட்ட பழைய ஃபைலைப் பெயர் மாற்றிக் கொடுத்திருந்தால் இந்த 32 சதவீதம் அதில் இருக்காது. இலேசான ஷெட்டில் ஆங்கர் போல்ட்டை நிர்ணயிப்பதே இந்த மேல்தூக்கு விசைதான்.

எரெக்‌ஷன்_லெவல்:
ஆங்கர் போல்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் சூடுபண்ணி வளைக்க விடாதீர்கள். 8.8 என்றால் பதப்படுத்திய எஃகு, கேஸ் சூட்டில் அந்த வலிமை போய்விடும். 4.6 என்றாலும், வளைந்த போல்ட்டை மேலே இழுத்தால் அது முதலில் நிமிரப் பார்க்கும். பக்கத்துக் கான்கிரீட் நொறுங்கும், பேஸ் பிளேட் தூக்கும். மேலே சொன்ன காற்று இழுவை நேராக அங்கேதான் வந்து சேரும்.

12 மி.மீ. விலகலுக்கு வழி: பேஸ் பிளேட் ஓட்டையை மேக்னெடிக் டிரில்லால் விலகிய திசையில் நீளவாக்கில் பெரிதாக்குங்கள். ஓரத் தூரம் மிஞ்சுகிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். அதன் மேல் 26 மி.மீ. ஓட்டை போட்ட தடித்த பிளேட் வாஷரை வைத்து, தூண் நேர் வந்தபிறகு நான்கு பக்கமும் பேஸ் பிளேட்டோடு வெல்ட் பண்ணுங்கள். வாஷர் தடிமனை டிசைனர்தான் சொல்ல வேண்டும். நீள ஓட்டையின் மேல் அது பாலம்போல் வளையும். 6 மி.மீ. துண்டைப் போட்டு மூடுவது பயன் தராது. மீதி 21 தூணின் போல்ட்டையும் டோட்டல் ஸ்டேஷனில் எடுத்து, ஷாப்பில் பேஸ் பிளேட் ஓட்டை போடாதவை இருந்தால் அளவு அனுப்பிவிடுங்கள்.

எரெக்‌ஷன் வரிசை: கேபிள் (ஷெட்டின் முனைச் சுவர்) ஓரத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை, கிராஸ் பிரேசிங் உள்ள பே-யிலிருந்து (இரு ஃபிரேமுக்கு நடுவே உள்ள பகுதி) தொடங்குங்கள். இரண்டு ஃபிரேம், நடுவே பர்லின்கள், கூரை பிரேசிங், சுவர் பிரேசிங் எல்லாம் போட்டு, நேர் பார்த்து முடுக்கியபிறகுதான் மூன்றாவது ஃபிரேம். ஒற்றை ஃபிரேமைக் கயிற்றில் கட்டி இரவு முழுக்க நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. தூண் நேர் உயரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள், 8 மீட்டருக்கு 8 மி.மீ. காலையிலேயே எடுங்கள். மதிய வெயிலில் ஒரு பக்கம் காய்ந்த தூண் வேறு அளவு காட்டும்.

ஃப்ளை பிரேஸை எண்ணுங்கள். பர்லினிலிருந்து ராஃப்டர் கீழ் ஃப்ளேஞ்சுக்குச் சாய்வாகப் போகும் சின்ன ஆங்கிள் அது. காற்று கூரையை மேலே தூக்கும்போது நடு ராஃப்டரில் கீழ் ஃப்ளேஞ்ச் அழுத்தத்துக்கு வரும், அதைப் பக்கவாட்டில் பிடிப்பது அந்த ஆங்கிள் மட்டும்தான். "பிறகு போடுகிறோம்" என்று சொல்லி ஷீட் ஏறியபின் மறந்துபோகிற முதல் பொருளும் அதுதான். வரைபடத்தில் ஒரு ராஃப்டருக்கு எத்தனை என்று குறித்து, ஷீட் ஏற்றுவதற்கு முன் ஃபிரேம் வாரியாக டிக் போடுங்கள்.

கிரவுட் (பேஸ் பிளேட் அடியை நிரப்பும் கலவை) கடைசி நிலை இல்லை. தூண் நேர் வந்ததும், ஷீட் ஏற்றுவதற்கு முன்பே, பேஸ் பிளேட் கீழே சுருங்காத கிரவுட்டை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஊற்றி மறுபக்கம் பிதுங்கும்வரை விடுங்கள். இரண்டு பக்கமும் ஊற்றினால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். அதற்கு முன் பீடத்தின் கான்கிரீட்டைக் கொத்தி, தண்ணீரில் ஊறவைத்து, தேங்கிய நீரை ஒற்றி எடுங்கள். கீழ் லெவலிங் நட்டிலேயே மாதக்கணக்கில் தூண் நின்றால் முழுச் சுமையும் நான்கு எம்24 தண்டில் உட்கார்ந்திருக்கும். பிளேட் வாஷர் போட்ட அந்தத் தூணுக்கு வாஷர் வெல்ட் முடிந்து, நட்டை முடுக்கியபிறகே கிரவுட்.

ஓரகடம்_சைட்:
அறிக்கையில் கே4 = 1.0 என்று இருக்கிறது. டிசைனருக்கு இப்போதே எழுதுகிறேன். பதில் வரும்வரை நான்காவது ஃபிரேமுக்கு டெஸ்பாட்ச் நிறுத்தியாகிவிட்டது.

வரைபடம்_டெஸ்க்:
மறுகணக்கில் நான்கு இடத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஆங்கர் போல்ட் இழுவையும் பீடத்தின் எடையும், ராஃப்டர் எண்ட் பிளேட் போல்ட், சுவர் பிரேசிங் ராடு, ஈவ் மூலைகளில் பர்லின் இடைவெளி. மூலையிலும் ஓரத்திலும் உறிஞ்சு விசை நடுக்கூரையைவிடப் பல மடங்கு வரும், அங்கே ஷீட் ஸ்க்ரூ எண்ணிக்கையையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். பீடம் ஏற்கெனவே போட்டாகிவிட்டதால் எடை போதவில்லை என்று வந்தால், தரைத்தளம் போடும் முன் தெரிந்தாக வேண்டும்.